பூட்டிய ஆலையைத் தொழிலாளிகளே திறந்தார்கள்... தெரியுமா?

ஆலை மூடினால் என்ன ஆகும்? கேட்டில் பூட்டு. சுவரில் நோட்டீஸ். சம்பள பாக்கிக்கு நடையாய் நடப்பது. பிறகு திருப்பூருக்கோ சிங்கப்பூருக்கோ பெட்டியைக் கட்டுவது. நமக்குத் தெரிந்த கதை இவ்வளவுதானே?

ஆனால் அந்தப் பூட்டை உள்ளே வேலை பார்த்தவர்களே திறந்து, மெஷினை ஓட்டி, சரக்கை விற்று, சம்பளத்தையும் எடுத்துக்கொண்ட கதைகள் தெரியுமா? முதலாளி கிடையாது! ஆளுக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு ஓட்டு! இப்படி உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான ஆலைகள் உண்டு! சிமென்ட் புகைபோக்கிகளைப் பார்த்தே வளர்ந்த அரியலூர்க்காரர்களும், எறையூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிய பெரம்பலூர்க்காரர்களும் அவசியம் கேட்க வேண்டிய கதைகள் இவை!

சிமென்ட் ஊருக்கு ஒரு சிமென்ட் கதை!

அரியலூர் மண்ணுக்கு அடியில் இருக்கும் சுண்ணாம்புக்கல் ஒரு காலத்தில் கடலடி என்பது தெரியுமா? கல்லங்குறிச்சிப் பக்கம் சுரங்கத்தில் சிப்பி சிப்பியாகக் கிடைப்பது சுமார் 7 கோடி ஆண்டு பழசு! அந்தக் கல்லை நம்பித்தான் 1979-ல் அரசின் டான்செம் ஆலை வந்தது, தனியார் ஆலைகளும் வரிசை கட்டின.

இப்போது மெக்சிகோவுக்கு வாருங்கள். அங்கே ஹிடால்கோ மாநிலத்தில் 1881-ல் தொடங்கிய ஓர் ஆலை சிமென்ட் தயாரித்துக்கொண்டிருந்தது. பெயர் குரூஸ் அசுல், அதாவது நீலச் சிலுவை. 1931-ல் போட்டிக் கம்பெனி ஒன்று அதை வாங்கியது. எதற்குத் தெரியுமா? இழுத்து மூடுவதற்கு! தொழிலாளிகள் விட்டார்களா? போராடி ஆலையைத் தங்கள் கைக்குக் கொண்டுவந்தார்கள். 1934-ல் அது முழுக் கூட்டுறவுச் சங்கமே ஆகிவிட்டது! 90 ஆண்டு தாண்டியும் அந்தப் பெயரில் சிமென்ட் மூட்டை வந்துகொண்டிருக்கிறது!

சிமென்ட் தொழிலாளிகளின் ஃபுட்பால் டீம்!

இன்னும் கேளுங்கள்! அந்த ஆலைத் தொழிலாளிகள் 1927-ல் பொழுதுபோக்குக்கு ஒரு ஃபுட்பால் டீம் ஆரம்பித்தார்கள். அந்த டீம் இன்று எங்கே இருக்கிறது தெரியுமா? மெக்சிகோவின் தலைசிறந்த கிளப்புகளில் ஒன்று! லட்சக்கணக்கில் ரசிகர்கள்! 2025 ஜூன் 1-ம் தேதி வட அமெரிக்கக் கண்டத்தின் சாம்பியன்ஸ் கோப்பை இறுதிப் போட்டியில் கனடாவின் வான்கூவர் அணியை 5-0 என்று ஊதித் தள்ளியது. அது அவர்களுக்கு 7-வது கோப்பை! சிமென்ட் ஆலை கேட்டில் தொடங்கிய ஆட்டம்!

பாண்டிச்சேரி காபிக்குப் பின்னால்...

புதுச்சேரி நேரு வீதியில் இந்தியன் காபி ஹவுஸில் காபி குடித்திருக்கிறீர்களா? உங்களுக்குக் காபி கொண்டுவந்து வைக்கும் அந்தத் தொழிலாளிகளின் சங்கம்தான் அந்தக் கடையின் முதலாளி, தெரியுமா?

1936-ல் பம்பாய் சர்ச்கேட்டில் முதல் காபி ஹவுஸ் திறந்தது. அதன்பின் அரசின் காபி போர்டு ஊர் ஊராக நடத்தியது. 1950-களில் திடீரென்று ஒவ்வொன்றாக மூட ஆரம்பித்தார்கள். சர்வர், சமையல்காரர், கிளீனர் எல்லோரும் நடுத்தெருவில்! அப்போது கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன் சொன்ன யோசனைதான் வரலாறு ஆனது: "கடையை நீங்களே எடுத்து நடத்துங்கள்" என்பதே அதன் சாரம்.

1957 ஆகஸ்டில் பெங்களூரில் முதல் சங்கம். அதே ஆண்டு அக்டோபர் 27-ல் டெல்லியில் முதல் கடை. 1958 மார்ச் 8-ல் திருச்சூர். இன்று நாடு முழுக்க 13 சங்கங்கள், ஏறத்தாழ 400 கடைகள்! வேலை போனவர்கள் கட்டிய சாம்ராஜ்யம்!

சுருள் கட்டடம், சிவப்பு மசால் தோசை!

திருவனந்தபுரம் தம்பானூரில் இறங்கினால் செங்கல் நிறத்தில், சுருள் சுருளாக மேலேறும் ஒரு கட்டடம் கண்ணில் படும். உள்ளே மாடிப்படியே கிடையாது! சரிவுப் பாதையில் ஏறிக்கொண்டே போகலாம், மேஜைகளும் அதன் ஓரத்திலேயே சுற்றிச் சுற்றி ஏறும்! கட்டியவர் யார் தெரியுமா? புகழ்பெற்ற லாரி பேக்கர்! நடத்துவது? அதே தொழிலாளர் சங்கம்!

கேரளக் காபி ஹவுஸில் மசால் தோசையைப் பிரித்தால் உள்ளே சிவப்பு! உருளைக்கிழங்கோடு பீட்ரூட்! சர்வர் தலையில் விசிறி வைத்த வெள்ளைத் தலைப்பாகை! 60 ஆண்டுக்கு மேலாகியும் மாறவில்லை!

அது மட்டுமா? ஆஸ்கர் வாங்கிய 'லைஃப் ஆஃப் பை' படத்தின் மூல நாவலின் முன்னுரையில் கதைக்கு விதை விழுவதே புதுச்சேரி இந்தியன் காபி ஹவுஸ் மேஜையில்தான், தெரியுமா?

12,000 பேர் வேலை ஒரே அடியில் போனது!

1966-ல் பீடித் தொழிலாளர் சட்டம் வந்தது. குறைந்தபட்ச வசதி, விடுப்பு, வேலை நேரம் எல்லாம் கொடு என்றது. 1968-ல் கேரள அரசு அதை அமல்படுத்தியதும் என்ன நடந்தது தெரியுமா? மங்களூர்ப் பெரிய பீடிக் கம்பெனிகள் கண்ணூரில் கடையைக் கட்டிவிட்டுப் போய்விட்டன! சுமார் 12,000 பேர் வேலை காலி!

1969 பிப்ரவரி 15-ம் தேதி அந்தத் தொழிலாளிகள் அரசு உதவியோடு தொடங்கியதுதான் கேரள தினேஷ் பீடி! உச்சத்தில் எத்தனை பேர் வேலை பார்த்தார்கள் தெரியுமா? 42,000 பேர்! துரத்தப்பட்டவர்களைப் போல மூன்று மடங்குக்கு மேல்!

ஒருவர் வாசிக்க, எல்லோரும் சுற்ற!

கண்ணூர் பீடிக் கூடங்களில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் உட்கார்ந்து காலைப் பேப்பர் படிப்பார். மதியம் நாவல் படிப்பார். மற்றவர்கள் கேட்டுக்கொண்டே பீடி சுற்றுவார்கள். படிப்பவருக்குக் கூலி? அவர் பங்குப் பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுத்துவிடுவார்கள்! பள்ளிக்கூடம் போகாதவர்கூட உலக அரசியல் பேசினார்!

கியூபாவின் சுருட்டு ஆலைகளிலும் இதே வழக்கம் 1865 முதல் இருக்கிறது தெரியுமா? அங்கே தொழிலாளிகள் விரும்பிக் கேட்ட 'மான்டி கிறிஸ்டோ' நாவலின் பெயரே உலகப் புகழ்பெற்ற ஒரு சுருட்டுக்கு வந்துவிட்டது!

பீடியிலிருந்து குடை!

பீடிப் பழக்கம் குறையக் குறைய, தினேஷ் என்ன செய்தது தெரியுமா? கதவைச் சாத்தவில்லை. குடை செய்தது! மசாலாப் பொடி அரைத்தது! தேங்காய்ப்பால் டப்பாவில் அடைத்தது! சட்டை தைத்தது! கம்ப்யூட்டர் வேலையும் எடுத்தது! பீடிச் சங்கத்தின் பெயரில் குடை பிடித்துக்கொண்டு போகிறது கேரளம்!

மூணாறில் தமிழர்கள் பங்குதாரர்கள்!

மூணாறு தேயிலைத் தோட்டங்களில் வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். 2005-ல் டாடா டீ அந்தத் தோட்டங்களை நடத்துவதிலிருந்து விலகியது. அப்போது பங்குகளில் பெரும்பகுதி யாருக்குப் போனது தெரியுமா? அங்கே வேலை பார்த்த 12,000-க்கும் அதிகமானவர்களுக்கு! அதுதான் கண்ணன் தேவன் ஹில்ஸ் கம்பெனி. இது கூட்டுறவுச் சங்கம் அல்ல, தொழிலாளிகள் பங்கு வைத்திருக்கும் கம்பெனி.

பங்கு கையில் இருந்தால் மட்டும் போதுமா? 2015 செப்டம்பரில் போனஸ் குறைந்ததும், கொழுந்து பறிக்கும் பெண்கள் ஆயிரக்கணக்கில் ரோட்டில் உட்கார்ந்தார்கள்! தலைமை தாங்க வந்த சங்கத் தலைவர்களையே திருப்பி அனுப்பினார்கள்! 'பெண்கள் ஒற்றுமை' என்ற பெயரில் 9 நாள் நின்று ஜெயித்தார்கள்! பங்குப் பத்திரத்தோடு, முடிவெடுக்கும் உரிமையும் வேண்டும் என்று நாட்டுக்கே காட்டியவர்கள் அந்தத் தமிழ்ப் பெண்கள்!

சுப்ரீம் கோர்ட்டே கொடுத்த சாவி!

மும்பை குர்லாவில் காமனி டியூப்ஸ். உலோகக் குழாய் ஆலை. 1985-ல் மூடிவிட்டார்கள். தொழிலாளிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். கேட்டது நஷ்டஈடு அல்ல, ஆலையையே! 1988 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் என்ன சொன்னது தெரியுமா? தொழிலாளர் கூட்டுறவிடம் ஒப்படைக்கச் சொல்லித் தீர்ப்பு! 1989-ல் உலை மறுபடி எரிந்தது! 1990-களில் பணமுடையில் ஆலை தடுமாறியது உண்மை. ஆனாலும் "தொழிலாளி ஆலை கேட்கலாம்" என்பது இந்தியாவில் அன்றே நிரூபணம் ஆகிவிட்டது!

ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி, 1974-லேயே!

மேற்கு வங்கத்தின் டுவார்ஸ் பகுதியில் சோனாலி தேயிலைத் தோட்டம். கடனில் மூழ்கி முதலாளி கைவிட்ட தோட்டம். 1974-ல் தொழிலாளிகள் கூட்டுறவு அமைத்து எடுத்தார்கள். முதலில் செய்த காரியங்களில் ஒன்று என்ன தெரியுமா? ஆணுக்கும் பெண்ணுக்கும் சமக் கூலி! நாட்டில் சம ஊதியச் சட்டம் வந்ததே 1976-ல்தான்! சட்டத்துக்கு முன்னால் ஓடிய தோட்டம்! 1978-ல் கோர்ட் வழக்கில் தோட்டம் கைவிட்டுப் போனது. அதே 1978-ல் திரிபுராவில் துர்காபாரி தேயிலைத் தொழிலாளர் கூட்டுறவு பிறந்தது!

ஒரே நாட்டில் 400 ஆலை!

2001 டிசம்பரில் அர்ஜென்டினா பொருளாதாரம் சரிந்தது. பேங்கில் போட்ட பணத்தையே எடுக்க முடியவில்லை. முதலாளிகள் ஆலைகளை அப்படியே விட்டு ஓடினார்கள். தொழிலாளிகள்? உள்ளே நுழைந்தார்கள்! பிடி, தாக்குப்பிடி, உற்பத்தி செய்! இந்த மூன்றும்தான் அவர்கள் கோஷம்! இன்று அங்கே இப்படி மீட்கப்பட்ட தொழிற்கூடங்கள் ஏறத்தாழ 400! ஓட்டல், அச்சகம், தையற்கூடம், ஐஸ்கிரீம் ஆலை, இறைச்சிக்கூடம், என்ன இல்லை!

கைதிகள் கொடுத்த சாப்பாடு!

அதே அர்ஜென்டினாவின் நியூகென் நகரில் சனோன் டைல்ஸ் ஆலை. 2001-ல் தொழிலாளிகள் கைப்பற்றினார்கள். கையில் காசில்லை, அடுப்பில் உலையில்லை. உணவு கொடுத்தவர்களில் யார் இருந்தார்கள் தெரியுமா? பக்கத்துச் சிறைக் கைதிகள்! தங்கள் ரேஷனில் பங்கு கொடுத்தார்கள்! படிக்கும்போதே சிலிர்க்கிறதா?

ஆலை நிமிர்ந்தது. சுமார் 250 பேராக இருந்தவர்கள் 400-ஐத் தாண்டினார்கள்! பக்கத்து ஏழைக் குடியிருப்புக்கு ஒரு சுகாதார நிலையமே கட்டிக் கொடுத்தார்கள்! 2009 ஆகஸ்டில் மாகாணச் சட்டமன்றமே ஆலையை அவர்களுக்குக் கொடுத்தது! ஆலையின் புதுப் பெயர்? 'முதலாளி இல்லாத ஆலை'!

சுவரில் ஓட்டை போட்டு வெளிவந்த புத்தகம்!

புவனோஸ் ஐரிஸ் நகரில் சிலாவெர்ட் அச்சகம். 2002. மெஷின்களைத் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாதென்று 8 தொழிலாளிகள் உள்ளேயே தங்கிவிட்டார்கள். வாசலில் போலீஸ் காவல். உள்ளே என்ன நடந்தது தெரியுமா? ரகசியமாகப் புத்தகம் அச்சடித்தார்கள்! எப்படி வெளியே கொண்டுபோவது? பக்கத்து வீட்டுச் சுவரில் ஓட்டை போட்டார்கள்! பக்கத்து வீட்டுக்காரர் வழியே புத்தகங்கள் ஊர் போய்ச் சேர்ந்தன! அந்த ஓட்டை இருந்த இடத்தை இன்றும் நினைவுச் சின்னமாகக் காட்டுகிறார்கள்!

பகலில் அலுமினியம், மாலையில் பள்ளிக்கூடம்!

அதே நகரில் இம்பா அலுமினிய ஆலை. 1998-ல் தொழிலாளிகள் மீட்டது. இப்போது ஒரே கூரையின் கீழ் என்னென்ன இருக்கிறது தெரியுமா? ஆலை, நாடக மேடை, படிப்பை விட்டவர்களுக்குப் பள்ளி, அருங்காட்சியகம்! ஊர் மக்கள் தினமும் வந்துபோகும் ஆலையைப் பூட்ட யாருக்குத் தைரியம் வரும்?

239 பேர், ஆளுக்கு 8,000 பவுண்டு!

வேல்ஸ் நாட்டில் டவர் நிலக்கரிச் சுரங்கம். 1994 ஏப்ரலில் "லாபமில்லை" என்று மூடினார்கள். 239 தொழிலாளிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? வேலை போனதற்குக் கிடைத்த பணத்திலிருந்து ஆளுக்கு 8,000 பவுண்டு போட்டுச் சுரங்கத்தையே வாங்கினார்கள்! 1995 ஜனவரி 2-ம் தேதி பேண்டு வாத்தியத்தோடு ஊர்வலமாக உள்ளே போனார்கள்! "லாபமில்லை" என்ற சுரங்கம் 13 ஆண்டு ஓடியது! 2008-ல் நின்றதும் நஷ்டத்தால் அல்ல, கரி தீர்ந்ததால்! இந்தக் கதை இசை நாடகமாகவே மேடை ஏறிவிட்டது, தெரியுமா?

1336! இது என்ன நம்பர்?

பிரான்சில் ஒரு டீத்தூள் பெட்டியின் பிராண்டு பெயரே 1336! ஏன் தெரியுமா? மார்சே அருகே இருந்த தேயிலை ஆலையை மூடுவதாக யூனிலீவர் 2010 செப்டம்பரில் அறிவித்தது. தொழிலாளிகள் 2014 மே வரை போராடினார்கள். எண்ணிப் பார்த்தால் 1,336 நாள்! ஜெயித்து, கூட்டுறவு தொடங்கி, அந்த எண்ணையே பெட்டியில் அச்சடித்தார்கள்!

அடியில் நம்பர் பார்க்கும் கண்ணாடி டம்ளர்!

டூராலெக்ஸ் டம்ளர்! 1945-ல் தொடங்கிய பிரெஞ்சுக் கம்பெனி. டம்ளர் அடியில் இருக்கும் நம்பரைப் பார்த்து "உன் வயசு என்ன?" என்று விளையாடாத பிரெஞ்சுப் பள்ளிப் பிள்ளை கிடையாது! 2024-ல் ஆலை திவால் நிலை. ஜூலை 26-ம் தேதி கோர்ட் யார் திட்டத்தை ஏற்றது தெரியுமா? அங்கே வேலை பார்க்கும் 200-க்கும் மேற்பட்டவர்களின் கூட்டுறவுத் திட்டத்தை! நேற்று வரை சம்பளக்காரர்கள், இன்று உரிமையாளர்கள்!

டைல்ஸ் பசையிலிருந்து சோப்பு!

கிரேக்க நாட்டின் தெசலோனிகியில் வியோமே ஆலை. கட்டடப் பசை செய்தது. 2011-ல் முதலாளி கைவிட்டார். 2013 பிப்ரவரி 12-ல் தொழிலாளிகளே ஓட்ட ஆரம்பித்தார்கள். நாட்டில் வீடு கட்டுவார் இல்லை, பசை வாங்குவார் இல்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? ஆலிவ் எண்ணெய் சோப்பு! இரசாயனம் குறைந்த துப்புரவுப் பொருள்! பொருளை மாற்றினார்கள், வேலையை விடவில்லை!

ஒரு கண் பாதிரியார், 70,000 வேலை!

ஸ்பெயினின் மொண்ட்ராகன் ஊர் தெரியுமா? அரிஸ்மெண்டியரியெட்டா என்ற பாதிரியார். சிறுவயதிலேயே ஒரு கண் பார்வை போனவர். 1943-ல் 20 மாணவர்களோடு தொழிற்பள்ளி தொடங்கினார். அவரிடம் படித்த 5 பேர், நொடித்துப்போன ஒரு கம்பெனியை வாங்கி 1956-ல் மண்ணெண்ணெய் ஸ்டவ் செய்தார்கள். இன்று? 80-க்கும் அதிகமான கூட்டுறவுகள், ஏறத்தாழ 70,000 பேருக்கு வேலை! உயர் அதிகாரியின் சம்பளம் கடைநிலைச் சம்பளத்தைப் போல சுமார் 6 மடங்கைத் தாண்டக் கூடாதென்று கட்டுப்பாடு! 2013-ல் அவர்களின் ஃபேகர் ஆலை திவாலானபோது, வேலை போன உறுப்பினர்களில் பலரை மற்ற கூட்டுறவுகள் இழுத்து எடுத்துக்கொண்டன!

வேலையில்லாக் காசை மொத்தமாகக் கொடு!

இத்தாலியில் 1985-ல் ஒரு சட்டம் வந்தது. பெயர் மார்கோரா சட்டம். வேலை போனவர்களுக்கு மாதாமாதம் வரும் உதவித்தொகையை முன்கூட்டியே மொத்தமாக வாங்கி, மூடும் கம்பெனியை விலைக்கு வாங்க வழி செய்தது! அதனால் தப்பிய கம்பெனிகள் நூற்றுக்கணக்கில்! ஒரே சட்டம், இத்தனை அடுப்பு எரிந்தது!

எல்லாம் ஜெயம்தானா?

இல்லை! பழைய மெஷின், நடைமுறை மூலதனம் இல்லாமை, வழக்கு, வாங்க ஆளில்லாமை... இவையே பல சங்கங்களைச் சாய்த்தன. மெக்சிகோ சிமென்ட் கூட்டுறவிலேயே தலைமைத் தகராறு கோர்ட்டுப் படி ஏறியது. நிமிர்ந்து நின்ற இடங்களில் எதைப் பார்க்கலாம் தெரியுமா? கணக்கைப் பலகையில் எழுதிப் போட்டார்கள்! பேரவைக் கூட்டத்தைத் தள்ளிப்போடவில்லை! ஊர் மக்களைக் கூடவே வைத்துக்கொண்டார்கள்! சரக்கு விற்காதபோது சரக்கை மாற்றினார்கள்!

நம்ம சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா?

2016-ன் திவால் சட்டப்படி, கம்பெனி கலைக்கப்பட்டால் தொழிலாளியின் 24 மாதச் சம்பள பாக்கி, அடமானம் பிடித்த பேங்க் கடனுக்குச் சமமான வரிசையில் நிற்கும்! பி.எஃப்., கிராஜுவிட்டி நிதிகளைக் கடன்காரர்கள் தங்கள் பங்குக்கு இழுக்க முடியாது! கூட்டுறவுச் சங்கம் பதிவுசெய்ய நம் மாநிலத்துக்கு 1983-ன் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் இருக்கிறது. கூட்டுறவு நமக்குப் புதிதா என்ன? திருவல்லிக்கேணி அர்பன் கூட்டுறவு சங்கம் 1904-லேயே தொடங்கியது! ஐ.நா. சபை 2025-ஐச் சர்வதேசக் கூட்டுறவு ஆண்டாகவே கொண்டாடியது!

அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் ஒரு வார்த்தை!

கிளிங்கர் சூளையின் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்லும் ஃபிட்டர் அரியலூரில் இருக்கிறார். கரும்புச் சாற்றின் நிறத்தை வைத்தே பதம் சொல்லும் ஆள் எறையூரில் இருக்கிறார். தையல், காலணி, லாரி, கட்டுமானம் என்று கைத்தொழில் தெரிந்தவர்களுக்கு இரண்டு மாவட்டத்திலும் பஞ்சமே இல்லை! கண்ணூரின் பீடிக்காரருக்கும் டெல்லியின் காபி சர்வருக்கும் வேல்ஸின் சுரங்கக்காரருக்கும் கையில் இருந்தது இந்தத் தொழிலறிவுதானே!

எனவே நண்பர்களே, ஒரு பட்டறையோ மில்லோ ஆலையோ மூடப்போவதாகக் காதில் விழுந்தால், பெட்டி கட்டுவதற்கு முன் மூன்று காரியம் செய்யுங்கள். எல்லோரும் ஒன்றாக உட்காருங்கள். பாக்கிக் கணக்கை எழுத்தில் வாங்குங்கள். மாவட்டக் கூட்டுறவு இணைப்பதிவாளர் அலுவலகத்திலும் நம்பிக்கையான ஒரு வக்கீலிடமும் கேளுங்கள். ஆலையை ஓட்டத் தெரிந்தவர்களுக்கு ஆலையை நடத்தவும் தெரியும். அதற்கு உலகம் முழுக்கச் சாட்சி இருக்கிறது!